ஆறு சிஸ்டங்களில் மட்டும் ஆகஸ்ட்

போன வாரம் நம் லேப் டெக்னீஷியன்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். சிஸ்டம் பழசு, ரேம் போதவில்லை, பாடத்திட்டத்தில் கேட்கும் மென்பொருளின் புதிய பதிப்பு ஏற மாட்டேன் என்கிறது, பழைய பதிப்பின் டிரையலைப் போட்டுத் தேதியைப் பின்னால் தள்ளி வைத்தால் ஓடுமா என்று. அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன். ஓய்வு பெற்ற மனிதனுக்கு வேறு என்ன வேலை?

ஓடும். அருமையாக ஓடும். நான் எட்டு மாதம் ஓட்டினேன். அதன் பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பதினோரு கட்டைவிரலைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வேலை பார்த்தது நம் மாவட்டத்தில் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரி. பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் லேபில் முப்பது சிஸ்டம். இருபத்து நான்கு ஓரளவு புதியவை. கடைசி வரிசையில், இருபத்தைந்திலிருந்து முப்பது வரை இருந்த ஆறும் கிழடு தட்டியவை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஷுவல் புரோகிராமிங் என்று ஒரு தாள் உண்டு. அதற்கான மென்பொருளைக் கல்லூரி முறையாக வாங்கித்தான் கொடுத்தது. இருபத்து நான்கில் ஏறியது. அந்த ஆறில் ஏறவில்லை.

நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. 'ஆறு சிஸ்டம் தேறாது, இரண்டு பேட்ச்சை மூன்றாகப் பிரியுங்கள்' என்று ஒரு தாளில் எழுதி எச்.ஓ.டி. மேடம் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். நான் வாயால் மட்டும் சொன்னேன். மேடம் தலையைக்கூடத் தூக்காமல், "மூணு பேட்ச்சுன்னா பிரின்சிபால் ஒத்துக்க மாட்டாருங்க. நீங்க எப்படியாச்சும் ஓட வெச்சிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். 'எப்படியாச்சும்' என்று யாராவது சொன்னால் நம் ஆட்களுக்கு அது பாராட்டுப் பத்திரம் மாதிரி கேட்கும். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தவரிடம்தான் நான் தொழில் கற்றேன். அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே, "சிஸ்டத்துக்கு நாம சொல்றதுதான்யா தேதி. ஆகஸ்ட்டுன்னு சொன்னா அதுக்கு ஆகஸ்ட்டுதான். தெனமும் காலைல போய் ஒரு தடவ சொல்லிப்புடு, அது பாட்டுக்கு ஓடும்" என்றார். கெட்டிக்காரர், நல்ல மனிதரும்கூட. ஆனால் அவருடைய வாடிக்கையாளர்கள் யாரும் பரீட்சை எழுதுகிறவர்கள் இல்லை. அதை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

பழைய பதிப்பு, முப்பது நாள் மட்டும் ஓடிவிட்டுப் பூட்டிக்கொள்ளும் டிரையல். ஆகஸ்டில் போட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் லேபைத் திறந்ததும் முதல் வேலை அந்த ஆறிலும் அதே ஆகஸ்ட் தேதியைத் திரும்ப வைப்பதுதான். மணியை மட்டும் சரியாக விட்டுவிடுவேன். அது பழைய விண்டோஸ். கீழே ஓரத்தில் மணி மட்டும்தான் தெரியும், மவுஸை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினால்தான் தேதி காட்டும். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, அந்த ஆறுக்கும் ஆகஸ்ட்தான். ஒருமுறை ஒரு மாணவி மட்டும், "அண்ணா, இதுல தேதி தப்பா இருக்குங்க" என்றாள். "உள்ள பேட்டரி போச்சும்மா" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று அன்றே கொஞ்சம் பயந்திருக்கலாம். பெருமைதான் பட்டேன்.

ஏப்ரலில் பிராக்டிகல் தேர்வு. அதற்கு முந்தைய நாள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். 'முப்பது சிஸ்டங்களும் தயார். மாணவர்களின் பழைய ஃபைல்கள் அனைத்தும் அழிக்கப்பட்டன.' அழித்தது சத்தியமாக உண்மை. தயார் என்பதைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என் கையெழுத்தின் கீழே மேடமும் போட்டார்.

எக்ஸ்டர்னலாக வெளி மாவட்டத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். எக்ஸ்டர்னல் வந்தால் ஒகேனக்கலிலிருந்து மீன் வரவழைத்துக் குழம்பும் வறுவலுமாகச் சாப்பாடு போடுவது எங்கள் துறையின் வழக்கம். வந்தவர் அந்த மீன் வாசனையில் பாதி இளகிவிடுவார், மீதி சாப்பிட்ட பிறகு. இவர் டீயே வேண்டாம் என்றார். கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வினாச் சீட்டுகளைத் தன் கையாலேயே குலுக்கிக் கொடுத்தார். அவர் கடைசி வரிசைப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபத்தேழாம் சிஸ்டத்தில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண். அப்பா தக்காளியும் பீன்ஸும் போடுகிற விவசாயி. ஓசூரில் ஒரு கம்பெனி அவளை எடுத்திருந்தது. ஒரு அரியர்கூட இல்லாமல் முடித்தால் ஜூனில் சேரலாம். அந்த வருஷம் எங்கள் துறையில் வேலை கிடைத்த நான்கு பேரில் அவள் ஒருத்தி. கெட்டிக்காரி, வேகமாக அடிப்பாள். பாதி நேரம் போவதற்குள் முடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள். அந்த வேகம்தான் எக்ஸ்டர்னலுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

அவர் வந்து உட்கார்ந்து, புரோகிராமை ஓட்டிப் பார்த்தார். சரியாக ஓடியது. பிறகு அது சேமிக்கப்பட்டிருந்த ஃபோல்டரைத் திறந்தார்.

"இதை எப்ப எழுதுன?"

"இப்பதாங்க சார்."

"இப்பன்னா?"

"இப்ப... இந்த எக்ஸாம்லதாங்க சார்."

"ஃபைலுக்கு எதிர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு படி."

அவள் படித்தாள். ஆகஸ்ட் மாதத் தேதி. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நேத்தே எல்லா ஃபைலையும் அழிச்சாச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அழிச்சீங்களா, இல்லையா?"

"அழிச்சேங்க சார்."

"அப்ப பென்டிரைவ்லதான் வந்திருக்கணும்."

வேறு இடத்திலிருந்து காப்பி செய்தால் ஃபைலின் பழைய தேதியும் கூடவே வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் அநியாயமாக எதுவும் சொல்லவில்லை. கண் முன்னால் இருந்ததை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டார். தப்பாக இருந்தது சிஸ்டத்தின் தேதி, அதை வைத்தவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த நொடியில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். நான் அதைச் சொல்லவில்லை.

எக்ஸ்டர்னல் மேடத்தை அழைத்து ஜெசிந்தாவின் பர்ஸைப் பார்க்கச் சொன்னார். பஸ் பாஸ், சீப்பு, ஒரு சின்ன ஜெபமாலை. முப்பது பிள்ளைகள் முன்னால் மேடம் அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

"பென்டிரைவை எங்க போட்ட?"

"எங்கிட்ட பென்டிரைவே இல்லைங்க சார். மாதா சத்தியமா நான்தாங்க அடிச்சேன். வேணும்னா அழிச்சிடுங்க, திரும்பவும் அடிச்சுக் காட்டறேன்."

"மனப்பாடம் பண்ணியிருப்ப. அதையெல்லாம் யுனிவர்சிட்டிக்கு எழுது." முன்னால் போர்டு பக்கம் சுவரோரமாக நிற்கச் சொன்னார். முறைகேடு எழுதுகிற படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வாசல் பக்கத்து மேசையில் மேடத்துடன் போய் உட்கார்ந்தார். அந்தப் படிவம் கல்லூரியை விட்டு வெளியே போனால் அந்த செமஸ்டரில் அவள் எழுதிய எல்லாத் தாளும் போகும். ஓசூர் வேலை போகும். ஊரில் காப்பியடித்த பெண் என்ற பெயரோடு வீட்டில் உட்கார வேண்டும்.

இனிமேல் வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் செய்த உண்மையான தப்பு இதுதான், தேதியைப் பின்னால் வைத்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மீதி ஐந்து சிஸ்டத்திலும் அதே ஆகஸ்ட். அங்கே உட்கார்ந்திருக்கிற ஐந்து பேரும் மாட்டுவார்கள், முதலில் அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? அரை நிமிடம் நானும் நம்பினேன். இருபத்தைந்தில் சங்கீதா என்ற மாணவி. "கொஞ்சம் தள்ளும்மா, வயர் லூசா இருக்கு" என்று சொல்லி, மணியின் மேல் க்ளிக் செய்து அன்றைய தேதியை வைத்தேன். இருபத்தாறில் ஒரு பையன். அதிலும் வைத்தேன். அடுத்தது இருபத்தேழு. நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

நிமிர்ந்தபோது ஜெசிந்தா லேபின் அந்தக் கோடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தேதியையும் மாற்றினேன்.

அங்கே காப்பாற்றுவதற்கு எந்தப் பிள்ளையும் இல்லை. எக்ஸ்டர்னல் திரும்ப வந்து கடிகாரத்தைப் பார்த்தால் அதில் ஆகஸ்ட் தெரியக் கூடாது, அவ்வளவுதான். நான் காப்பாற்றியது என்னை. அந்த ஒரு க்ளிக்கில் அவள் பக்கம் இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டேன். இப்போது அந்த சிஸ்டத்தின் தேதி சரி, அவள் ஃபைலின் தேதி மட்டும் ஆகஸ்ட். கையே தானாக அப்படிச் செய்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. கை தானாக எதுவும் செய்யவில்லை, நான்தான் செய்தேன்.

அடுத்த சிஸ்டத்துக்கு எழுந்து போய் மவுஸில் கை வைத்தேன். பின்னாலிருந்து சங்கீதா கத்தினாள்.

"அண்ணா! ரன் குடுத்தா டிரையல் முடிஞ்சு போச்சுன்னு வருதுங்க. மூடிட்டுத் தொறந்தாலும் தொறக்க மாட்டேங்குது!"

"எனக்கும் அப்படித்தாங்க வருது" என்றான் பக்கத்துப் பையன்.

வராமல் என்ன செய்யும்? எட்டு மாதத்தை ஒரே க்ளிக்கில் அந்த மென்பொருளிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பதிப்பு ஒருமுறை பூட்டிக்கொண்டால் தேதியைத் திரும்பப் பின்னால் வைத்தாலும் திறக்காது. வாசல் மேசையில் எக்ஸ்டர்னல் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. இந்த மூன்றில் மட்டும் இன்னும் ஆகஸ்ட் இருந்தது. என் கை மவுஸின் மேல் இருந்தது. இவற்றையும் மாற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கத்திய இரண்டு பேருக்கும் வைரஸ் என்று சொல்லி, முடித்து எழுந்தவர்களின் சிஸ்டத்தைக் கொடுத்துவிடலாம். படிவத்தில் இருக்கிற என் கையெழுத்துக்கும் மேடத்தின் கையெழுத்துக்கும் ஆபத்தில்லை. ஒரே ஒரு பெண்ணின் பெயர் மட்டும் போகும். இவ்வளவும் ஒரு சிக்கல் இல்லாமல் முழுக் கதையாக என் மண்டைக்குள் வந்து நின்றது. அது அப்படி வந்ததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கையை எடுத்துவிட்டேன். மனசாட்சி என்று பெரிய பெயர் வைக்க வேண்டாம். ஜெசிந்தா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் காரணம்.

வாசல் மேசைக்குப் போய்க் குனிந்து, மெதுவான குரலில் சொன்னேன். "சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்க. கடைசி ஆறு சிஸ்டத்துலயும் தேதியைப் பின்னால வெச்சது நான்தானுங்க. டிரையல் ஓடறதுக்காக."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்டர்னல் எழுந்து நேராக இருபத்தேழுக்குப் போனார். மவுஸைக் கொண்டுபோய் மணியின் மேல் நிறுத்தினார்.

"இங்க சரியாத்தானே இருக்கு?"

"இப்ப மாத்திட்டேங்க சார்."

"எப்ப?"

"நீங்க ஃபாரம் எழுதிட்டு இருந்தப்பங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க காலேஜ் பொண்ணைக் காப்பாத்தக் கதை கட்டறீங்களா?"

இருபத்தெட்டைக் காட்டினேன். ஆகஸ்ட் இருந்தது. "இதையும் இப்ப நீங்களே வெச்சிருக்கலாமே? இவ்வளவு நேரமா உங்க கைதானே இங்க இருந்துச்சு?" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவு நியாயம். வாழ்க்கையில் முதல் தடவையாக முழு உண்மையையும் சொல்கிறேன், அதை நம்ப முடியாதபடி நானே செய்து வைத்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், லேபில் ஏதாவது ஒன்று வெடித்தால் முதலில் வாயைத் திறங்கள். கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எதையும் தொடாமல் சொன்னால் அது உண்மை. தொட்டுவிட்டுச் சொன்னால் அது சமாளிப்பு.

என்னைக் காப்பாற்றியது, இல்லை, ஜெசிந்தாவைக் காப்பாற்றியது சங்கீதாவின் கோபம். தன் பரீட்சை நின்றுபோன ஆத்திரத்தில் எழுந்து நின்றாள்.

"சார், அண்ணாதான் வயர் லூசுன்னு சொல்லிட்டு வந்து தேதியை மாத்துனாருங்க. நான் பாத்தேன். அதுக்கு முந்தி நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு."

அவள் கவனித்திருக்கக் கூடாது என்று பத்து நிமிடம் முன்புவரை நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எக்ஸ்டர்னல் சங்கீதாவின் ஃபோல்டரைத் திறந்தார். அவள் புரோகிராமுக்கு இரண்டு திரை, அதாவது இரண்டு ஃபார்ம் செய்திருந்தாள். முதலாவது ஆகஸ்டில், பத்து மணிக்குக் கொஞ்சம் பிறகு. இரண்டாவது அன்றைய தேதியில், பத்தே முக்கால் தாண்டி. ஒரே பரீட்சைக்குள் எட்டு மாதம். அவர் முப்பதாம் சிஸ்டத்துக்குப் போய், அங்கே இருந்தவனைச் சேவ் கொடுக்கச் சொன்னார். கொடுத்தான். ஆகஸ்ட் என்று விழுந்தது.

"நான் எத்தனை லேப்ல ஃபைல் தேதியைப் பாத்து முடிவு பண்ணியிருக்கேன் தெரியுமா?" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குள் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

படிவத்தைக் கிழிக்கவில்லை, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். பெயர் எழுதிய இடத்தை முதலில் பேனாவால் நன்றாக அடித்ததைப் பார்த்தேன். சங்கீதாவுக்கும் அந்தப் பையனுக்கும் முடித்து எழுந்தவர்களின் சிஸ்டத்தைக் கொடுத்து, போன நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஜெசிந்தாவை அழைத்து வைவாவுக்கான வாய்மொழிக் கேள்விகளைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மத்தியானம் மீன் குழம்பு டிபன் கேரியரிலேயே இருந்தது, அதை யாரும் திறக்கவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்டர்னல் அறிக்கை எழுதினார். எனக்கு மெமோ வந்தது. ஒரு வருடம் லேபிலிருந்து எடுத்து நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போட்டார்கள். வேலை போகவில்லை, அது என் அதிர்ஷ்டம். மேடம் பல மாதம் என்னிடம் பேசவில்லை. அந்த ஆறு சிஸ்டத்தையும் தூக்கினார்கள், அடுத்த வருடம் மூன்று பேட்ச் நடந்தது. பிரின்சிபால் ஒரே கையெழுத்தில் ஒத்துக்கொண்டார். ஒரு தாளில் எழுதிக் கேட்டிருந்தால் முதலிலேயே ஒத்துக்கொண்டிருப்பார்.

ஜூனில் ஒருநாள் சாயங்காலம் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். சர்டிஃபிகேட் வாங்க வந்த ஜெசிந்தா, அப்பாவோடு பாலக்கோடு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். மறுவாரம் ஓசூரில் சேரப் போகிறாள். நான் நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, நான் சொன்னனே, இவருதாம்பா."

அந்த மனிதர் மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள உங்களத்தான் தெனமும் சொல்லுதுங்க சார். மெமோ வேற குடுத்துட்டாங்களாமே. எங்க புள்ளைக்காக நீங்க கெட்ட பேரு வாங்கிட்டீங்களே" என்றார்.

"தேதி நீங்க வெச்சதுதான்னு அப்புறம் எல்லாரும் சொன்னாங்கண்ணா. இருக்கட்டுங்க" என்றாள் ஜெசிந்தா. "எல்லாரும் என்னைத் திருடியாட்டம் பாத்துட்டு இருந்தப்ப, நீங்க மட்டுந்தான் நேரா போயி என் சிஸ்டத்துல உக்காந்தீங்க. அப்பவே எனக்கு உசுரு வந்துருச்சு. அண்ணா எனக்காகத்தான் போறாரு, பாத்துக்குவாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

அங்கேயும் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான்.

"பஸ் வந்துடுச்சு பாரும்மா, போய் சீட்டு புடி" என்றேன்.